பின்னிருக்கையின் தீர்ப்பு

ஒரு பொருளை வாங்குவதற்குப் பணம் வேண்டும். இரண்டு நல்ல பொருள்களுள் ஒன்றைத் தெரிந்து வாங்குவதற்கோ, பணத்தோடு பொறுமையும் வேண்டும். 2018 ஆம் ஆண்டுக் கோடையில், சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் வாழும் எம் தம்பியின் இல்லத்தில் ஒரு மாத காலம் தங்கியிருந்தபோது நாம் இதனைக் கண்கூடாகக் கண்டோம்.

தம்பி 1988 ஆம் ஆண்டில் ஊரை விட்டுச் சென்றவன். முப்பது ஆண்டுகள் உணவகங்களின் அடுப்படியில் நின்று உழைத்தான். பிள்ளைகள் இருவரும் வளர்ந்து தத்தம் வழியைப் பார்த்துக்கொண்ட பின்னர், ஐம்பத்திரண்டாவது வயதில், இளமையில் அடக்கி வைத்த ஆசையொன்று அவனுள்ளே தலை தூக்கிற்று. மனைவியைப் பின்னால் இருத்திக்கொண்டு, ஆல்ப்ஸ் மலைக் கணவாய்கள் வழியே மோட்டார் சைக்கிளில் பிரயாணஞ் செய்ய வேண்டும் என்பதே அவ்வாசை. அந்நாட்டில் இதற்கான அனுமதிப் பத்திரம் பெற விரும்பும் புதியவர் 12 மணி நேரச் செய்முறைப் பயிற்சி பெறுதல் கட்டாயம். தம்பி அதனை முடித்து, பரீட்சையிலும் தேறி, இரண்டு கோடைகள் ஒரு சிறு வண்டியில் பழகியும் இருந்தான். இனிப் பெரிய வண்டி வாங்க வேண்டியதுதான் பாக்கி.

அவன் நாடிய வண்டி எத்தகையது என்பதை முதலில் சொல்லிவிடுவோம். பந்தய வண்டியில் ஏறுபவர் முன்னே குனிந்து படுத்தாற்போல் ஓட்ட வேண்டும்; வளைவுகளில் அது பறவைபோல் திரும்பும்; ஆனால் ஒரு மணி நேரத்தில் இடுப்பு முறிந்துவிடும். நெடும்பயண வண்டியோ சாய்வு நாற்காலி போன்றது. சௌகரியம் மிக உண்டு, சுறுசுறுப்புக் குறைவு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஓர் இனம் உண்டு. காற்றைத் தடுக்கும் கண்ணாடியும், இருபுறமும் பூட்டக்கூடிய பெட்டிகளும், இருவர் அமரத்தக்க ஆசனமும் அதில் இருக்கும். வேண்டும்போது வேகமும் இருக்கும். பின் சில்லைச் சங்கிலிக்குப் பதிலாக ஓர் உருக்குத் தண்டு சுழற்றுவது இவ்வினத்தின் பெரிய வண்டிகளுட் பலவற்றின் சிறப்பு. சங்கிலி என்றால் அடிக்கடி எண்ணெய் இட்டு இறுக்க வேண்டும். தண்டுக்கு அத்தொல்லை இல்லை. ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் 1923 ஆம் ஆண்டு வெளியிட்ட தனது முதல் மோட்டார் சைக்கிளிலேயே இம்முறையைக் கையாண்டது.

அந்த ஜேர்மன் வண்டியின் விலை தம்பியின் சேமிப்புக்கு எட்டவில்லை. எஞ்சியவை இரண்டு யப்பானிய வண்டிகள். இரண்டும் பிறர் ஓட்டிக் கைமாறியவை. இரண்டும் நல்ல நிலையில் இருந்தவை. ஒன்று 2002 ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்த ஹொண்டா எஸ்.ரி. 1300. மற்றையது அதற்கு ஓராண்டு முந்திய யமஹா எப்.ஜே.ஆர். 1300. பிறந்த நாள் முதலாகவே இவை இரண்டும் போட்டியாளர்கள். ஐரோப்பாவின் மோட்டார் சஞ்சிகைகள் இவற்றை அருகருகே நிறுத்தி எத்தனையோ முறை அளந்து பார்த்தன.

தம்பி ஒரு கொப்பியில் நடுவே கோடிட்டு, இரு பக்கமும் விபரங்களை எழுதி வைத்திருந்தான். ஹொண்டாவின் என்ஜின் 1261 கன சென்ரிமீற்றர். நான்கு உருளைகள் ஆங்கில ‘வி’ எழுத்தைப்போல் விரிந்து நிற்பவை. யமஹாவின் என்ஜின் 1298 கன சென்ரிமீற்றர். நான்கு உருளைகளும் குறுக்கே ஒரே வரிசையில் நிற்பவை. ஹொண்டாவின் தாங்கி 29 லீற்றர் பெற்றோல் கொள்ளும். யமஹாவினது 25 லீற்றர். யமஹாவின் வலு ஏறக்குறைய 144 குதிரை. ஹொண்டா அதற்குக் குறைந்தது. தாங்கி நிறைந்த நிலையில் யமஹா 290 கிலோ அளவில் நிற்க, ஹொண்டாவோ 300 கிலோவைத் தாண்டிவிடும். சடுதியாக நிறுத்தும்போது சில்லுகள் இறுகிச் சறுக்காமற் காக்கும் ஏ.பி.எஸ். என்னும் ஏற்பாடு இரண்டிலும் இருந்தது.

“அண்ணை, மலையிலை ஏறேக்கை வலு வேணுமெல்லே? யமஹா தான் சரி” என்பான் தம்பி.

நாம் ஹொண்டாவின் பக்கம் நின்றோம். அதற்குரிய காரணத்தை இப்பொழுது ஒளிக்காமற் சொல்லிவிடுவது நன்று. அது யந்திர சாஸ்திரத்தைச் சார்ந்ததன்று, பழைய பற்று. 1990 ஆம் ஆண்டின் பின், பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைத்தற்கரிய திரவியமாயிருந்த காலத்தில், எம்மிடம் ஒரு ஹொண்டா 50 இருந்தது. சிறு போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் சில துளிகளைக் காபுரேற்றருக்குள் விட்டு உதைத்து, என்ஜின் உயிர் பெற்றதும் மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். பின்னால் வெண்புகை கிளம்பும். அவ்வண்டியில் எம் தாயாரை வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்றோம். பிள்ளைகளைப் பரீட்சைக்குக் கொண்டு சென்றோம். 1958 இல் தொடங்கிய அந்தச் சிறிய வண்டிக் குலத்தில் 2017 ஆம் ஆண்டுக்குள் பத்துக் கோடி வண்டிகள் உற்பத்தியாகிவிட்டன. அப்பத்துக் கோடியில் எமது ஒன்றே எமக்கு உலகமாயிருந்தது. ஆகவே தம்பி எந்தக் கணக்கை எடுத்துக் காட்டினாலும், எம் நாவில் ஹொண்டாவே வந்தது.

இவ்வாறு இரண்டு வாரங்கள் கழிந்தன. காலைத் தேநீரிலும் அதே பேச்சு. இரவுச் சாப்பாட்டிலும் அதே பேச்சு. ஒரு நாள் இரவு குரல்களும் சற்று உயர்ந்துவிட்டன. அப்போது, பரிமாறிக்கொண்டிருந்த தம்பியின் மனைவி அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, அமைதியாகச் சொன்னாள்:

“ரெண்டு கிழமையாய் ரெண்டு பேரும் கதைக்கிறியள். பின்னாலை இருக்கப் போறது நான். என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே!”

எமக்கு வாய் அடைத்துப் போயிற்று. அவளுக்கு மோட்டார் சைக்கிள் என்றால் அச்சம் என்பதும், கணவனின் ஆசையைக் கெடுக்கக் கூடாதென்று அவ்வச்சத்தை இரண்டு ஆண்டுகளாக வெளியே சொல்லாதிருந்தாள் என்பதும் அன்றிரவுதான் தெரிய வந்தன. உருளைகளின் எண்ணிக்கை முதல் தாங்கியின் கொள்ளளவு வரை எழுதிய அக்கொப்பியில், அவளைக் குறித்து ஒரு வரியேனும் இருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவளையும் அழைத்துக்கொண்டு வண்டிகளைப் பார்க்கச் சென்றோம். முதலில் யமஹா. இருவரும் ஏறி நகர எல்லை வரை சென்று திரும்பினர். ஓடும்போது ஒரு குறையும் இல்லை என்றாள். “ஆனால் நிப்பாட்டேக்கை நீங்கள் நுனிக்காலிலை நிக்கிறியள். உங்கடை கால் பதறுறது எனக்குப் பின்னாலை தெரியுது” என்றாள்.

அது அந்த யந்திரத்தின் குற்றமன்று. எம் தம்பி உயரத்திற் குறைந்தவன். இருசில்லு வண்டி ஓடிக்கொண்டிருக்கும் வரை தன் சமநிலையைத் தானே காத்துக்கொள்ளும். அது நின்ற கணத்தில், வண்டியும் பெட்டிகளும் இரண்டு மனிதரும் சேர்ந்த நானூறு கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தைத் தாங்குவன ஓட்டுபவரின் இரண்டு பாதங்களே. சற்றுச் சாய்ந்தாலும் பிடித்து நிறுத்துவது அரிது. பெரிய வண்டிகள் வேகத்தில் மட்டுமே விழும் என்று நினைப்பது தவறு; நிறுத்துமிடத்தில், கூழாங்கல் பரவிய சரிவில், மெல்லத் திரும்பும்போது விழுபவையும் உண்டு.

பின்னர் ஹொண்டாவில் ஏறினர். யமஹாவின் ஆசனத்தை எவ்வளவு தாழ்த்தினாலும் 805 மில்லிமீற்றர் உயரம். ஹொண்டாவினதை 775 வரை இறக்கலாம். முப்பது மில்லிமீற்றர் என்பது இரண்டு விரற்கடையளவு. அந்த இரண்டு விரற்கடையில் தம்பியின் குதிகள் தரையைத் தொட்டன. பெற்றோலில் ஒரு பகுதி ஆசனத்தின் கீழுள்ள தாங்கியில் தங்குவதால், பாரமும் தாழவே இருந்தது. கூடுதலான நிறை கொண்ட வண்டியே எம் தம்பிக்கு எளிதாக நின்றது!

திரும்பி வந்து இறங்கிய அவள், தலைக்கவசத்தைக் கழற்றி, “இதிலை எண்டால் நான் வருவன்” என்றாள். தீர்ப்பு அவ்வளவே.

நாம் வெற்றி பெற்றதாக எண்ணிப் புன்னகை செய்தோம். உண்மையில் வெற்றி எமதன்று. நாம் சொன்ன வண்டி வந்தது. நாம் சொன்ன காரணத்துக்காக வரவில்லை. தம்பி நெட்டையனாய் இருந்திருந்தால் யமஹாவே பொருத்தமாயிருக்கும். எம் பழைய பற்று அவனைத் தவறான வழியில் இழுத்திருக்கும். தம்பி நம்பிய குதிரை வலுவும் அங்கு பெரிதாகப் பயன்பட இடமில்லை. சுவிற்சர்லாந்தின் நெடுஞ்சாலைகளில் 120 கிலோமீற்றரே வேக எல்லை. ஊர்ப்புறச் சாலைகளில் 80. ஹொண்டாவின் பெரிய தாங்கியும் அப்படியே. நூறு கிலோமீற்றருக்கு ஏறக்குறைய ஆறு லீற்றர் என்று கொண்டால், 29 லீற்றரில் நானூறு கிலோமீற்றருக்கு மேல் போகலாம். பேர்ணிலிருந்து கிறிம்செல் கணவாயைக் கடந்து பூர்க்கா கணவாய்க்குச் செல்ல 150 கிலோமீற்றர்கூட வேண்டியதில்லை. ஹொண்டாவின் நிறையும் இல்லாமற் போய்விடவில்லை. நிலக்கீழ்த் தரிப்பிடத்திலிருந்து அதனை வெளியே தள்ளுவதற்கு இன்றும் பெறாமகன் ஒரு கை கொடுக்க வேண்டியிருக்கிறது.

நாம் ஊர் திரும்புவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அவர்களிருவரும் வண்டியிலும், நாமும் பெறாமகனும் பின்னே காரிலுமாகப் புறப்பட்டோம். 2164 மீற்றர் உயரமுள்ள கிறிம்செல் கணவாயில் ஏறி, றோன் நதி பிறக்கும் பள்ளத்தாக்கில் இறங்கி, மீண்டும் வளைந்து வளைந்து 2429 மீற்றர் உயரப் பூர்க்காவை அடைந்தோம். முதற் கணவாயில் அவளுடைய கைகள் தம்பியின் இடுப்பை இறுகப் பற்றியிருந்ததைக் கண்டோம். இரண்டாவது கணவாயில் ஒரு கை விடுபட்டு, பனிப்பாறையைச் சுட்டிக் காட்டிற்று.

மாணவர்களாகிய இளம் வாசகர்கள் நாளை பல பொருள்களைத் தெரிவு செய்ய வேண்டியவர்கள். கொப்பியில் கோடிட்டுக் கணக்கெழுதுவது நல்ல பழக்கமே. அதனைக் கைவிட வேண்டாம். ஆனால் எங்கே போகப் போகிறோம், யாரோடு போகப் போகிறோம் என்ற இரண்டையும் முதல் வரியில் எழுதுங்கள். உடன் வருபவரைக் கேட்டு எழுதுங்கள். அதன் பிறகு மற்றக் கணக்குகளைப் போடலாம்.