ஒன்றரை ஷிப்ட் ஊரும் 24 மணி நேர ரேஸும்!

திருப்பூரில் பல்லடம் பஸ் ஏறினால், தென்னம்பாளையம் சந்தை தாண்டிய கொஞ்ச நேரத்தில் ‘வீரபாண்டி பிரிவு’ வந்துவிடும். வீரபாண்டி என்றதும் தேனிக்காரர்களுக்குக் கௌமாரியம்மன் திருவிழா ஞாபகம் வரும். சேலத்துக்காரர்கள் தங்கள் ஊரைச் சொல்வார்கள். இது பனியன் வீரபாண்டி. 2011-ல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்த ஊர்.

பிரிவிலிருந்து உள்ளே நடந்தால், ஷெட்டுக்கு ஷெட் ஒரு சத்தம் கேட்கும். வட்டமாகச் சுற்றும் நிட்டிங் மெஷினின் சத்தம். ஒரு பக்கம் கோன் நூல் வண்டியிலிருந்து இறங்கும். இன்னொரு பக்கம் துணி ரோல் டெம்போவில் ஏறும். ஒரு டி-ஷர்ட் பெட்டிக்குள் போவதற்குள் நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் என்று எத்தனையோ கைகள் மாறிவிடும். ‘இன்னிக்கு ஒன்றரை ஷிப்ட்’ என்று இங்கே யாராவது சொன்னால், பன்னிரண்டு மணி நேரம் வேலை என்று அர்த்தம். அதற்கு விளக்கம் கேட்பவர் வெளியூர்க்காரர்!

இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் கோவை செட்டிபாளையத்து ரேஸ் டிராக்கைப் பார்த்து வரலாம். போவதற்கு முன் ஒரு ஊசிக்கதை.

ஊசி வந்த ஊர்

30 இன்ச் டயா, 24 கேஜ் மெஷின் ஒன்றில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊசிகள் இருக்கும். அதில் ஒன்று உடைந்தாலும் துணி நெடுக ஒரு கோடு விழும். அந்த ரோல் செக்கிங்கில் அடிபடும். அதனால்தான் நிட்டிங்காரர்கள் ஊசி விஷயத்தில் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. அவர்கள் மதிக்கும் ‘க்ரோஸ் பெக்கர்ட்’ ஊசியின் தாய்வீடு, ஜெர்மனியில் ஆல்ப்ஸ்டாட் என்ற ஊர். பெயர்பெற்ற ‘மேயர்’ நிட்டிங் மெஷினுக்கும் அதே ஊர்தான். பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் இருக்கிறது. போர்ஷே கார் பிறக்கும் ஸ்டுட்கார்ட்டும் அதே மாநிலம்தான்.

ஒரு சின்னப் பாகம் உடைந்தால் மொத்தமும் போச்சு என்பதை வீரபாண்டிக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். 24 மணி நேர ரேஸின் கதையும் அதேதான். இதில் ஒரே காரை மூன்று, நான்கு பேர் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் தூங்குவார். பிட்டில் டயர் மாற்றுபவர், பெட்ரோல் ஊற்றுபவர், கணக்குப் பார்ப்பவர் என்று ஒரு கூட்டமே விழித்திருக்கும். ஒரு நாள் முடிவில் அதிக தூரம் ஓடிய கார்தான் ஜெயிக்கும். பிரான்ஸின் லே மான்ஸில் 1923 முதல் நடக்கும் பந்தயம்தான் இதில் பேர்போனது.

அங்கே கொடி நாட்டிய ஜெர்மன் அணிகளில் ஒன்று, ‘யோஸ்ட் ரேசிங்’. ரைன்ஹோல்ட் யோஸ்ட் என்ற ரேஸ் டிரைவர் 1978-ல் தொடங்கியது. ஓடன்வால்ட் மலைப்பகுதியில் வால்ட்-மிஷெல்பாக் என்ற சின்ன ஊரில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த தனியார் அணி அது. போர்ஷே 956 கார் ஒன்றை வைத்து 1984-ல் லே மான்ஸில் ஜெயித்தது. அந்த வருடம் போர்ஷேயின் சொந்த அணி வரவில்லை என்பதால், அதிர்ஷ்டம் என்றுகூடச் சொல்லியிருப்பார்கள். 1985-ல் சொந்த அணியே புதிய கார்களோடு வந்தது. யோஸ்ட் கொண்டுவந்தது அதே பழைய காரை!

அப்போது ஒரு காருக்கு இவ்வளவு எரிபொருள்தான் என்று விதி இருந்தது. யோஸ்ட் அணி இன்னொரு அணியின் காரோடு முன்னும் பின்னுமாக இடம் மாறி ஓடி, காற்றின் எதிர்ப்பைக் குறைத்து, எரிபொருளை மிச்சம் பிடித்தது. மறுபடியும் ஜெயித்தது. முதலாளி கம்பெனியை ஜாப் ஒர்க் யூனிட் தோற்கடித்த மாதிரி!

அன்று ஜெயித்த மூவரில் ஒருவர் ‘ஜான் வின்டர்’. நிஜப் பெயர் லூயி க்ராகஸ், மர வியாபாரி. வீட்டுக்குத் தெரியாமல் ரேஸ் ஓட்டப் புனைபெயர் வைத்திருந்தார். ஜெயித்த செய்தி பேப்பரில் வந்ததில்தான் அம்மாவிடம் மாட்டிக்கொண்டார். ஜெர்மனியிலும் அம்மாக்கள் அம்மாக்கள்தான்.

யோஸ்ட் அத்தோடு நிற்கவில்லை. போர்ஷே கைவிட்டிருந்த ஒரு திட்டத்தின் காரை எடுத்து 1996, 1997 இரண்டு வருடமும் ஜெயித்தார்கள். அதிலும் இரண்டு முறையும் ஒரே கார்தான். பிறகு ஆடி நிறுவனம் அவர்களைத் தேடி வந்தது. 2000, 2001, 2002 என்று தொடர்ந்து மூன்று வெற்றி.

பல்லடம் தாண்டி…

வீரபாண்டி பிரிவிலிருந்து தெற்கே அருள்புரம் வழியாகப் பல்லடம். அங்கிருந்து மேற்கே திரும்பினால் விசைத்தறிச் சத்தமும் கோழிப் பண்ணைகளும் மாறி மாறி வரும். அப்படியே போனால் கோவை மாவட்டத்துச் செட்டிபாளையம். அங்கேதான் ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ இருக்கிறது.

பெயருக்குக் காரணமான எஸ்.கரிவரதன், கோவையின் லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர். தானும் ரேஸ் ஓட்டினார். அதைவிட முக்கியமாக, மாருதி எஞ்சினை வைத்து, நம் பையன்கள் கட்டுப்படியாகும் செலவில் ஓட்ட ஒற்றை இருக்கை ரேஸ் கார்களை இங்கேயே உருவாக்கினார். 1995-ல் சிறு விமான விபத்தில் இறந்துபோனார். அவர் பெயரில் முன்னாள் ரேஸர் பி.விஜயகுமார் கட்டிய டிராக், 2003-ல் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 2.1 கிலோமீட்டர். நூல் மில்லும், மெஷின் பட்டறையும், லேத்தும் இருந்த ஊரில் ரேஸ் கார் பிறந்ததில் ஆச்சரியம் இல்லை.

கரிவரதன் தொடங்கிவைத்த ஃபார்முலா மாருதி பந்தயத்தில் முதல் அடி வைத்தவர்தான் கோவையின் நரேன் கார்த்திகேயன். 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர். அவருக்கும் லே மான்ஸுக்கும் ஒரு சோகக் கதை உண்டு. 2009-ல் ஜெர்மனியின் ‘கோலஸ்’ அணியில் ஆடி காரை ஓட்டப் போனார். பந்தயம் தொடங்கும் முன் கீழே விழுந்து தோள்பட்டையில் அடி. ஓட்ட முடியவில்லை.

மூன்று பேர் ஓட்ட வேண்டிய காரை, ஆந்த்ரே லாட்டரர், சார்ல்ஸ் ஸ்வோல்ஸ்மன் என்ற இரண்டே பேர் 24 மணி நேரமும் ஓட்டினார்கள். ஏழாவதாக வந்தார்கள். லாட்டரருக்கு அதுதான் முதல் லே மான்ஸ். அந்த ஓட்டத்துக்குப் பிறகு ஆடி அவரைத் தன் அணிக்கு எடுத்துக்கொண்டது. 2011, 2012, 2014 மூன்று முறை அவர் சாம்பியன்.

ஓட்டாமல் நின்றவர்

2025 ஜனவரியில் தமிழ்நாடே துபாயைப் பார்த்தது. அஜித்குமார் தன் பெயரில் தொடங்கிய அணி, அங்கே 24 மணி நேர ரேஸில் இறங்கியது. ஸ்டுட்கார்ட்டின் போர்ஷே 911 கப் கார், நெதர்லாந்தின் பாஸ் கூட்டன் அணியின் பராமரிப்பு. பயிற்சியிலேயே கார் சுவரில் மோதிச் சுழன்ற வீடியோவைப் பார்க்காத போன் இங்கே இல்லை. நல்லவேளை, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதன் பிறகு அவர் எடுத்த முடிவுதான் பெரிசு. தன் அணியின் 901 எண் காரை ஓட்டுவதிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். அந்தக் காருக்கு உரிமையாளராக மட்டும் நின்று, வேறொரு அணியின் போர்ஷே கேமன் காரை ஓட்டினார். சக டிரைவர்கள் ஓட்டிய 901, 992 பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. தேசியக் கொடியோடு அவர் ஓடிவந்த காட்சியை எல்லோரும் ஷேர் செய்தோம். அந்த மூன்றாம் இடத்துக்காக அவர் இருக்கையை விட்டுக்கொடுத்ததை எத்தனை பேர் கவனித்தோம்?

பல்லடம் ரோட்டில் ராத்திரி பைக்கை முறுக்கும் தம்பிகளிடம் இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது. ஷிப்ட் விட்டதும் டிபன் பையோடு இந்த ரோட்டைக் கடக்கும் பெண்களில் உங்கள் அக்காவோ அம்மாவோ இருக்கலாம். டிராக்கில் தடுப்பு இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், ஹெல்மெட்டும் ரேஸ் உடையும் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். ரோட்டில் அது எதுவுமே இல்லை. ஒருவர் தவறினால் அவர் இடத்தில் உட்கார இன்னொருவரும் இல்லை.

பந்தயத் தேதியை விசாரித்துக்கொண்டு ஒரு விடுமுறை நாளில் குடும்பத்தோடு செட்டிபாளையம் போய் வாருங்கள். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் அவசியம், வெயில் பொளந்துவிடும். கார்கள் சீறிப் போகும்போது குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

கார் உள்ளே வந்து நிற்கும்போது மட்டும், டிரைவரை விட்டுவிட்டு மெக்கானிக்கைப் பாருங்கள். ஸ்பேனர் பிடித்திருக்கும் அந்தக் கை, நிட்டிங் ஷெட்டில் ஊசி மாற்றும் ஃபிட்டரின் கை போலவே இருக்கும். அதே அவசரம், அதே நிதானம். மெஷின் சத்தத்தை வைத்தே கோளாறைக் கண்டுபிடிக்கும் பையன்கள் வீரபாண்டியில் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் நாளைக்கு அந்த வேலிக்கு உள்ளே நின்றால், அவனும் ரேஸ்காரன்தான்.