எந்தக் கட்டையில் தொடங்குவது?

சிங்கப்பூரில் ஞாயிறு பிற்பகல் தமிழ் ஆராதனைக்கு எங்கள் கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சனிக்கிழமை ராத்திரி வரை ஓவர்டைம் பார்த்தவர்கள். கப்பல் பட்டறை, கட்டுமானம், பைப் வேலை. வெல்டிங் புகையும் சிமென்ட் தூசியும் ஆறு நாள் குடித்த தொண்டைகள். அந்தத் தொண்டைகளுக்குத்தான் நான் சுருதி வைக்க வேண்டும். ஆர்மோனியப் பெட்டியின் முன்னால் உட்காரும்போது என் தலைக்குள் ஓடுவது ராகமும் அல்ல, விரல் வேகமும் அல்ல. இன்றைக்கு எந்தக் கட்டையில் தொடங்குவது என்ற ஒரே கணக்கு.

எங்கள் ஊரில், பாளையங்கோட்டைப் பக்கம், இந்தக் கணக்குக்கு அவசியமே வராது. பாடகர் குழு இருக்கும். தப்பினாலும் தவறினாலும் அவர்கள் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இங்கே சபையேதான் பாடகர் குழு. ஷிப்டு மாறினால் ஆள் மாறும். போன வாரம் முன்வரிசையில் நின்று உரக்கப் பாடிய தம்பி, இந்த வாரம் பெர்மிட் முடிந்து நாசரேத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பான். ஒத்திகை பார்க்க நேரமும் கிடையாது. லாரியில் வந்து இறங்குவார்கள், முகம் கழுவிக்கொண்டு உட்காருவார்கள், முதல் பாட்டு தொடங்கிவிடும்.

கச்சேரியில் ஆண்குரலுக்கு ஒரு கட்டை சாதாரணம். பெட்டியில் ‘ஸி’. சபைப் பாட்டுக்கு அந்த வழக்கு உதவாது. பல்லவியை மட்டும் பார்த்துச் சுருதி வைக்கிறவன் சரணத்தில் மாட்டிக்கொள்வான். நம் கீர்த்தனைகளில் பல, பல்லவியில் மத்திய ஸ்தாயியில் ஆற அமர நடந்துவிட்டு, சரணத்தில் மேல் ஷட்ஜத்தைத் தாண்டிக் காந்தாரம் வரை ஏறும். ஒரு கட்டையில் அந்தக் காந்தாரம் ஆறு நாள் கத்தி வேலை வாங்கிய மேஸ்திரிக்கு எட்டாது. எட்டாத இடத்தில் அவர் வாயை மூடிக்கொள்வார், அடுத்த சரணத்திலும் திறக்க மாட்டார். ஆகவே நான் எப்போதும் பாட்டின் உச்ச ஸ்வரத்தை முதலில் பார்ப்பேன். அது தொண்டைக்குள் அடங்குகிற இடத்திலிருந்து கீழே எண்ணிக்கொண்டு வந்தால், பெரும்பாலும் கீழ் ஆறரைக் கட்டையில் வந்து நிற்கும். பெட்டி கொஞ்சம் மந்தமாக ஒலிக்கும்தான். ஒலிக்கட்டும்.

இன்னொரு உபாயமும் கைவசம் உண்டு. வாரத்தின் நடுவில் டார்மிட்டரியிலிருந்து வாட்ஸப்பில் குரல் பதிவுகள் வரும். “அண்ணாச்சி, இந்த சண்டே இந்தப் பாட்டு பாடலாமா?” என்று கேட்டு, ராகம் ஞாபகத்துக்கு வருவதற்காக இரண்டு வரி முணுமுணுத்து அனுப்புவார்கள். பின்னணியில் மின்விசிறி சத்தம், யாரோ ஊருக்கு வீடியோ காலில் பேசும் சத்தம், மேல் கட்டிலில் ஒருவர் இருமுவது எல்லாம் கேட்கும். ஒரே அறையில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், வங்காளி எல்லாரும் படுத்திருப்பதால் அடக்கித்தான் பாடுவார்கள். அந்தப் பதிவைப் பெட்டியோடு வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பேன். யாரும் கேட்கவில்லை என்ற நினைப்பில், களைப்பில், ஒரு மனிதன் தானாக எடுக்கும் சுருதிதான் அவனுடைய அசல் கட்டை. ஞாயிறன்று அதைவிட அரைக் கட்டை ஏற்றுவேன்; கூட்டத்தோடு பாடும்போது அவ்வளவு தெம்பு வரும்.

பெண்கள் குறைவு. வீட்டு வேலைக்கு வந்த அக்காமார், சில நர்ஸ்கள். ஆண்களுக்காக இறக்கிய சுருதியில் அவர்களுடைய கீழ் ஸ்வரங்கள் வெறும் காற்றாகப் போகும். அதனால் ஒரு பாட்டையாவது முழுக்க அவர்கள் சுருதியில், ஐந்து கட்டையில் எடுப்பேன். ஆண்கள் பல்லவிக்கு மட்டும் சேர்ந்துகொள்ளலாம், முடிந்த மட்டும்.

சுருதியைவிடத் தகராறான விஷயம் மெட்டு. நம் கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்தால் பாட்டுக்கு மேலே ராகம், தாளம் என்று இரண்டு பெயர் இருக்கும், ஸ்வரம் இருக்காது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காலத்துப் பாட்டுகளிலிருந்து இன்றுவரை இதுதான் நிலை. மதுரை அமெரிக்க மிஷனின் எட்வர்ட் வெப் 1853-இல் கீர்த்தனைகளைத் திரட்டி அச்சிட்டபோது சொற்கள் எல்லா ஊருக்கும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன. மெட்டு மட்டும் உபதேசியார் வாய்வழியாகவே நடந்தது. ஒரே பாட்டு தரங்கம்பாடி லூத்தரன் சபையில் ஒரு மாதிரி, மதுரைப் பக்கம் ஒரு மாதிரி, மெஞ்ஞானபுரத்தில் இன்னொரு மாதிரி.

ஊரில் இருக்கிற வரைக்கும் இது யாருக்கும் தெரியாது. அவரவர் ஊர் மெட்டுதான் அவரவருக்கு வேதம். சிங்கப்பூரில் அத்தனை ஊரும் ஒரே பெஞ்சில் உட்காரும். கூடவே ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் குமாஸ்தா வேலைக்கென்று மலாயாவுக்கு வந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள். தமிழ் வழிபாடு இந்தத் தீவுக்குப் புதிதில்லை. ஓஃபிர் ரோட்டில் லூர்து மாதா கோயில் தமிழ்க் கத்தோலிக்கருக்காக எழுந்தது 1888-இல். ஒவ்வொரு தலைமுறையும் ஒரு மெட்டைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறது. பெட்டிக்காரன் ஒரு மெட்டைத்தான் வாசிக்க முடியும்.

நான் வைத்திருக்கும் விதி இது: அந்தப் பாட்டைப் பாட வேறு இடமே இல்லாதவனுடைய மெட்டு முதலில். இங்கேயே பிறந்தவர்களுக்குக் காலை ஆராதனை உண்டு, வீட்டு ஜெபக்கூட்டம் உண்டு, காரில் பாடிக்கொண்டும் போகலாம். ஒர்க் பெர்மிட்டில் வந்தவனுக்கு இந்த ஒன்றரை மணி நேரம்தான். இது எல்லாருக்கும் பிடித்த விதி அல்ல. பெர்மிட்டில் வந்த ஒரு தம்பியின் ஊர் மெட்டை எடுத்த ஞாயிறு ஒன்றில், யாழ்ப்பாணத்து மூத்த அம்மா ஒருவர் ஆராதனை முடிந்ததும் நேராகப் பெட்டிக்கே வந்தார். “தம்பி, இது எங்கட மெட்டு இல்லையே.” “இல்லை ஆன்ட்டி” என்றேன். கொஞ்ச நேரம் நின்றார். “அந்தப் பெடியன் நல்லாப் பாடுறான்” என்று சொல்லிவிட்டுப் போனார். அது சமாதானமா குற்றச்சாட்டா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. லெந்து காலத்தில் ஒரு வாரம் அவர்கள் மெட்டையும் வாசிக்கிறேன்.

பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த ஊர் ஈரம் ஆர்மோனியத்துக்கு ஆகாது. காற்றில் ஈரப்பதம் சராசரி 80 சதவீதத்துக்கு மேல். கோயிலில் ஏசி ஞாயிறு மட்டும் ஓடும். ஆறு நாள் மரம் ஊறும், ஏழாம் நாள் காயும். கட்டைகள் உப்பி ஒன்றோடொன்று உரசும். அமுக்கினால் எழும்பாது, ஒரு ஸ்வரம் விடாமல் ஊளையிடும். துருத்தியின் தோலில் வெள்ளைப் பூஞ்சை பூக்கும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வைப்பேன். ஒரு ரீடு ஊமையானால் மூடியைக் கழற்றி, பித்தளை நாக்குக்கு அடியில் மெல்லிய தாளை நுழைத்து மெதுவாக இழுத்தால் போதும். பத்தில் ஒன்பது தடவை ஒரு நூல் தூசிதான் காரணமாக இருக்கும். சுருதி இறங்கியிருந்தால் நாக்கின் நுனியில் லேசாகச் சுரண்டினால் ஏறும். ஏறியிருந்தால் அடிப்பக்கத்தில் சுரண்ட வேண்டும். இதை ஊரிலேயே கற்றுக்கொண்டு வந்தது நல்லதாயிற்று. இங்கே ரிப்பேருக்கு ஆள் தேடுவதற்குள் புதுப் பெட்டியே வாங்கிவிடலாம்.

கீபோர்டு வாங்கினால் என்ன என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒரு பொத்தானை அமுக்கினால் சுருதி மாறும், ஈரமும் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. ஆர்மோனியத்தில் கமகம் வராது என்பதும் பழைய குற்றச்சாட்டு. அகில இந்திய வானொலி 1940-இல் தடையே போட்டு முப்பது ஆண்டு வைத்திருந்தது. வித்துவான்களுக்கு அது குறைதான். களைத்துப்போன சபைக்கு அது குறையே இல்லை. பெட்டிக்காரன் ஸ்வரத்தை வளைத்து வித்தை காட்ட முடியாது, அடுத்த ஸ்வரம் எது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. துருத்திக்கு மூச்சு வேண்டும், பாடுகிறவர்களுக்கும் வேண்டும். நான் காற்றை விடுகிற இடத்தில் அவர்களும் மூச்சு வாங்குகிறார்கள். கீபோர்டு மூச்சு விடாமல் ஓடும். அதன் பின்னால் ஓடித்தான் சபை இளைத்துப்போகிறது.

2020 ஏப்ரலில் கொரோனாவுக்காக டார்மிட்டரிகளை அடைத்தார்கள். கோயில்களும் மூடின. திறந்தபிறகும் நெடுநாள் சபையார் பாடக் கூடாது என்று விதி. எண்ணிக்கை வைத்து, தள்ளித் தள்ளி உட்கார்ந்து, முகக்கவசத்தோடு கேட்டுக்கொண்டிருப்பார்கள். நான் மட்டும் வாசிப்பேன். பல்லவி முடிந்து சரணத்துக்குப் போகும் இடத்தில் பழக்கத்தில் கை நிற்கும், அவர்கள் எடுப்பதற்காக. யாரும் எடுக்க மாட்டார்கள். முகக்கவசத்தின் துணி மட்டும் உள்ளே போய் வெளியே வரும். சிலர் சொற்களை வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தார்கள் என்பது அந்தத் துணியிலிருந்துதான் எனக்குத் தெரிந்தது. அந்த நாட்களில் எந்தக் கட்டையில் வாசித்தாலும் ஒன்றுதான். ஆனாலும் அவர்கள் கட்டையிலேயே வாசித்தேன்.

பண்டிகைகள் இங்கே வேறு மாதிரி. ஈஸ்டர் அதிகாலை ஆராதனை ஊரில் ஐந்து மணிக்குத் தொடங்கினால் முடிகிற நேரத்தில் கிழக்கு வெளுத்திருக்கும். சிங்கப்பூர் 1982-இல் மலேசியாவோடு ஒத்துப்போகக் கடிகாரத்தைத் தள்ளி வைத்துக்கொண்டதில், சூரியன் ஏழு மணிக்குத்தான் எழும்பும். உயிர்த்தெழுந்தார் என்று பாடி முடித்து, காப்பி குடித்து, முதல் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் இருட்டாகவே இருக்கும். அந்த நேரத்துத் தொண்டைக்கு இன்னும் அரைக் கட்டை இறக்க வேண்டும். கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்டோ அடுக்குமாடி வீடுகளில், லிஃப்டில் பெட்டியைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு. ஊரில் விடிய விடிய டிரம்மோடு சுற்றுவோம். இங்கே பத்து மணிக்குள் முடித்தாக வேண்டும். ஒரு கதவில் சீனர் வீட்டுச் சிவப்புப் பீடம், அடுத்த கதவில் மலாய்க்காரர் வீடு, மூன்றாவதுதான் நம் வீடு. அடக்கி வாசிப்பதற்கும் பழக்கம் வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் ஊர்ச் சபையில் பழைய மெட்டு தெரிந்த பாட்டியோ ஓய்வுபெற்ற உபதேசியாரோ இருந்தால், ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாச் சரணங்களையும் செல்போனில் பதிந்துகொள்ளுங்கள். ஊர்ப் பெயரையும் சொல்லிப் பதியுங்கள். பிள்ளை சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்தால் அவனுக்கு அனுப்பிவிட்டு, அதை அவன் சபையில் பெட்டி வாசிக்கிறவருக்கும் அனுப்பச் சொல்லுங்கள். சுருதி கூடக்குறைய இருந்தால் பரவாயில்லை. அதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.