ஒரு படிக்கு 100 ஜூல்

எனக்கும் அப்பத்தாவுக்கும் எடை 60 கிலோதான். எங்க மாடிப்படி ஒவ்வொன்றும் 17 செ.மீ. உயரம். கணக்குப் போட்டா ஒரு படிக்குச் சுமார் 100 ஜூல், ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். அப்புறம் ஏன் அவங்களுக்கு மட்டும் மூச்சு வாங்குது?

லோடு மாறல, எஞ்சின் மாறியிருக்கு. 30 வயசுக்கு மேல பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறையும். அதிலும் சட்டுனு விசை தரும் வேகத் தசை நார்கள்தான் அதிகம் மெலியும். இதயம் அனுப்பும் ஆக்சிஜனும் குறையும். எனக்கு அரை லோடில் முடியும் வேலை, அவங்களுக்கு ஃபுல் லோடு.

மொட்டை மாடியில் வத்தல் காயப்போடுறது அப்பத்தாவோட ராஜ்ஜியம். முழங்கால் வலின்னு போன வருஷம் அதையும் விட்டுட்டாங்க. ஓட்டாம நிறுத்தி வெச்சா தசை இன்னும் வேகமா தேயும். ஆனா 90 வயசுக்காரங்களுக்கே எட்டு வாரப் பயிற்சியில் கால் பலம் கூடியதை 1990-ல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு காட்டியிருக்கு.

டாக்டரைக் கேட்டுட்டு, இப்போ தினமும் நாற்காலியில் பத்து தடவை உட்கார்ந்து எழுந்திருக்கிறாங்க. கைப்பிடியைப் பிடிச்சு ஆறு படி ஏறுறாங்க. இன்னும் பன்னிரண்டு பாக்கி. வர்ற சித்திரை வெயிலுக்குள்ள வத்தல் மாடிக்குப் போயிடணும்!