வைக்கோல் வேய்ந்த கல்வீடுகள்

இங்கிலாந்து என்றதும் உங்கள் மனக்கண்ணில் தோன்றுவன இலண்டன் மாநகரின் மாளிகைகளாக இருக்கலாம். அவற்றைச் சற்றே ஒதுக்கிவிட்டு, அந்நாட்டின் தென்மேற்கே சோமர்செட் பகுதியிலுள்ள செல்வொர்தி என்னும் சிற்றூருக்கு வாருங்கள்.

மரங்கள் அடர்ந்த குன்றின் சரிவில், பசும்புல் திடல் ஒன்றைச் சூழ்ந்து வைக்கோல் வேய்ந்த வீடுகள் சில நிற்கின்றன. பள்ளத்தாக்கிற்கு அப்பால் 519 மீட்டர் உயரமுள்ள டங்கரிக் குன்று தெரிகிறது.

சுவர்களை உற்று நோக்குங்கள். செதுக்காத கற்களை அடுக்கி எழுப்பிய தடித்த சுவர்களின் மேல் இளமஞ்சள் கலந்த சுண்ணாம்பு பூசப்பட்டுள்ளது. இப்பூச்சு அழகுக்கு மட்டுமன்று. உட்புகுந்த ஈரம் வெளியேற வழிவிடுவதும் அதுவே. ஓரிடத்தில் சுவர் வட்டமாகப் புடைத்திருக்கிறதே, அது ரொட்டி சுடும் அடுப்பின் பின்புறம்.

கூரை ஏன் இத்துணைச் சரிவாக இருக்கிறது? நீர் தங்கினால் வைக்கோல் மக்கிவிடும். சரிவு மிகுந்தால் மேற்பரப்பிலேயே வழிந்தோடிவிடும். கூரையின் விளிம்பு சுவரைத் தாண்டி நீண்டிருப்பதால், மழைநீர் சுவரில் படாமல் தள்ளி விழுகிறது. கற்றைகளை இறுக்கிப் பிடிப்பவை பிளந்து முறுக்கிய மரக்குச்சிகளே. கல்சுவர் தலைமுறைகள் தாண்டி நிற்கும். கூரையின் முகட்டையோ பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும்.

இவ்வீடுகள் யாருக்காக எழுந்தன? 1828ஆம் ஆண்டில் சர் தாமஸ் ஆக்லண்ட் என்னும் பெருநிலக்கிழார், தம் பண்ணையில் உழைத்து முதுமையும் தளர்ச்சியும் எய்தியோருக்காக இவ்வூரைச் சீரமைத்தார். சிற்றூர்களை ஓவியம்போல் அமைத்துக் காண்பது அக்காலச் செல்வர்களின் நாகரிகமாகவும் இருந்தது. எனவே, இதில் இரக்கம் எத்தனை பங்கு, அலங்கார ஆசை எத்தனை பங்கு என்று கேட்கத் தோன்றும். உள்ளங்களை அறிபவன் அல்லாஹ் ஒருவனே! ஆயினும், உழைத்து ஓய்ந்தவர்களுக்குக் குளிர்நாட்டில் ஒரு கூரை கிடைத்ததை மறுப்பதற்கில்லை. 1944இல் இப்பண்ணை நேஷனல் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளையின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது.

பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள். நீங்கள் உண்பதையே அவர்களுக்கும் உண்ணக் கொடுங்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குப் போதித்துப் பதினான்கு நூற்றாண்டுகள் ஆகின்றன. நம் வீட்டில் பல்லாண்டுகள் பாத்திரம் துலக்கிய மூதாட்டி இன்று எந்தக் கூரையின் கீழ் இருக்கிறார்? அக்கூரை ஒழுகுகிறதா? ஒருமுறை ஈந்ததோடு நம் கடன் தீர்ந்துவிடாது. வேய்ந்த கூரையைப் போலவே அதையும் மீண்டும் மீண்டும் கவனித்தாக வேண்டும். இந்த மழைக்காலம் வருமுன் ஒருமுறை சென்று பார்த்து வாருங்களேன்!