நாடா முடிச்சுக்குக் கீழே

வயிற்றை முழுதாகப் பார்க்காமலே கேஸ் ஷீட்டில் ‘பி/ஏ சாஃப்ட்’, அதாவது வயிறு மிருதுவாக இருக்கிறது என்று எழுதிய டாக்டர் நான். ஒரு தடவை அல்ல. வயதான பெண்கள் வந்தால் அதுவே என் வழக்கமாக இருந்தது. அந்த வழக்கத்தால் ஒரு பாட்டி இறந்துபோனார்.

பாடம் தெரியாமல் நடந்ததல்ல. வயிற்றைக் கோடு போட்டுப் பிரித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். காறை எலும்புகளின் நடுவிலிருந்து நெட்டாக இரண்டு கோடு. விலா விளிம்பை ஒட்டி ஒன்றும் இடுப்பெலும்பின் மேட்டை ஒட்டி ஒன்றுமாகக் குறுக்கே இரண்டு கோடு. மொத்தம் 9 பகுதிகள். வலது மேலே கல்லீரல், பித்தப்பை. இடது மேலே மண்ணீரல். வலது கீழே குடல்வால். அவசரத்துக்குத் தொப்புளை மையமாக வைத்து நான்காகப் பிரித்துக்கொள்வோம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பித்திருப்பேன். அதே வகுப்பில் இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார்கள்: வயிற்றைப் பார்ப்பது என்றால் மார்புக் காம்பிலிருந்து நடுத்தொடை வரை துணியை விலக்கிப் பார்க்க வேண்டும். அந்த 9 பகுதிகள் கவட்டையோடு முடிந்துவிடும். குடல் அதற்குக் கீழேயும் இறங்கும்.

பாட்டி வாந்தியோடு வந்தார். “தம்பி, தொப்புளைச் சுத்திப் புடிச்சுப் புடிச்சு இழுக்குது. வெளிக்கும் போகலை” என்றார். முந்தின நாள் கல்யாண வீட்டில் சாப்பிட்டதாக மகள் சொன்னார். அதோடு நான் யோசிப்பதை நிறுத்திவிட்டேன். சேலையைத் தளர்த்திப் படுத்தார். உள்பாவாடை நாடா இறுக்கி முடிச்சிட்டிருந்தது. காலங்காலமாகக் கட்டியதில் இடுப்பைச் சுற்றிக் கறுத்த தடம். அதை அவிழ்க்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் அப்பத்தா வயது. வெளியே கூட்டம் வேறு. முடிச்சுக்கு மேலே மட்டும் அழுத்திப் பார்த்தேன். கொஞ்சம் உப்பியிருந்தது. வாந்திக்கு ஊசி போட்டு, வாயுவுக்கு மாத்திரை எழுதி அனுப்பிவிட்டேன்.

முடிச்சுக்குக் கீழே, வலது தொடை மடிப்பில், நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி இருந்திருக்கிறது. தொடைக் குடலிறக்கம். தொடையின் பெரிய ரத்தக்குழாய்களுக்கு உட்பக்கமாக, சுமார் ஒன்றேகால் சென்டிமீட்டர் நீளத்தில் ஓர் ஒடுங்கிய வழி உண்டு. அதன் விளிம்பு நெகிழ்ந்து கொடுக்காது. குடல் அதில் நுழைந்து இறுகினால் ரத்த ஓட்டம் நின்று அழுகத் தொடங்கிவிடும். ஆண்களைவிடப் பெண்களுக்கே, அதிலும் வயதானவர்களுக்கே, இது அதிகம். பலருக்குக் கட்டி இருப்பதே தெரியாது. அடைபட்ட சிறுகுடல் தன் வலியைத் தொப்புளைச் சுற்றித்தான் காட்டும். பாட்டி சொன்னது அத்தனையும் சரி.

வாந்தி நிற்காமல் வேறு மருத்துவமனைக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். அங்கே அழுகிய குடலை வெட்டி எடுத்தார்கள். அதற்குள் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. அவர் வீடு திரும்பவில்லை.

பெரியவர்களுக்குக் காட்டும் மரியாதை என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். கூச்சம் என்னுடையது, அவரை நான் கேட்கவே இல்லை. நர்ஸை அழைத்து, திரையை இழுத்துவிட்டு, காரணத்தைச் சொல்லியிருந்தால் அவரே முடிச்சை அவிழ்த்திருப்பார். அவர் மகளிடம் இதை இன்றுவரை நான் சொன்னதில்லை. அதுவும் என் குற்றம்தான்.

வீட்டில் பெரியவர்களுக்கு வாந்தியும் வயிற்று உப்புசமும் சேர்ந்து, மலமும் காற்றும் பிரியாமல் இருந்தால் தொடை மடிப்பைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டி தட்டுப்பட்டால் டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள், நீங்களே சொல்லுங்கள். கட்டி இல்லாவிட்டாலும், அன்றைக்கே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.