வால்ட்டருக்கு ஐந்து பேர்

பிப்ரவரி 9

சான் டியாகோவில் ஆந்தாலஜி என்ற கிளப்பில் நடந்த கச்சேரியின் ஒலிப்பதிவை இன்று ஒரே மூச்சில் கேட்டேன். 2013-இல் வெளிவந்த ‘ரிமெம்பரிங் லிட்டில் வால்ட்டர்’. சிகாகோ ப்ளூஸின் மவுத் ஆர்கன்காரர் லிட்டில் வால்ட்டருக்கு அஞ்சலி. மேடையில் ஐந்து மவுத் ஆர்கன்காரர்கள்: மார்க் ஹம்மல், சார்லி மஸல்வைட், பில்லி பாய் ஆர்னல்ட், சுகர் ரே நார்சியா, ஜேம்ஸ் ஹார்மன். எல்லோருக்கும் பின்னால் ஒரே குழு. கிதாரில் லிட்டில் சார்லி பேட்டி. ஒரே வாத்தியக்காரர்கள் ஐந்து பேரை ஒரே மேடையில் ஏற்றினால் சீக்கிரமே மல்லுக்கட்டாகிவிடும். இங்கே ஆகவில்லை. ஹம்மல் இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர். ‘ப்ளூஸ் ஹார்மோனிகா ப்ளோஅவுட்’ என்ற பெயரில் 1991 முதலே இப்படி ஆள் சேர்த்துக் கச்சேரி நடத்துகிறார். யாரை எப்போது இறக்குவது, எப்போது மேடையை விட்டு நகர்த்துவது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த ஐந்து பேரில் வால்ட்டர் மாதிரி வாசிக்க முயல்பவர் யார், முயலாதவர் யார்? முதல் தடவை கேட்டதிலிருந்து இந்தக் கேள்விதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

பிப்ரவரி 10

காலையில் பத்துத் துளை ஹார்மோனிகாவை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி கேட்டேன். நம்மூர்க் கடைகளில் பெரும்பாலும் கிடைக்கிற நீளமான மவுத் ஆர்கன் இதற்கு உதவாது. அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு ரீடுகள். ஒன்றுக்கொன்று இம்மி பிசகி ஒலிப்பதால் அந்த நடுங்கும் சத்தம் வருகிறது. சினிமாவில் கதாநாயகன் மொட்டைமாடியில் வாசிக்கத் தோது. ப்ளூஸ்காரர்களின் வாத்தியம் உள்ளங்கையில் அடங்குவது. பத்துத் துளை, இருபது ரீட். ஜெர்மனியின் ட்ரோஸிங்கன் ஊரில் ஹோனர் கம்பெனி 1896 முதல் ‘மரீன் பேண்ட்’ என்ற பெயரில் செய்வது இந்த வகைதான்.

ஜெர்மன்காரர்கள் இதை ஊதுவதற்காகச் செய்தார்கள். ‘சி’ ஹார்மோனிகாவில் எந்தத் துளையில் ஊதினாலும் ‘சி’ மேஜரின் சுரங்களே வரும். நாட்டுப்பாட்டு, நடனப்பாட்டுக்கு அது போதும். அமெரிக்கத் தெற்கின் கறுப்பர்கள் இதைக் கையில் எடுத்ததும் தலைகீழாக்கினார்கள். ‘சி’ வாத்தியத்தில் ‘ஜி’யை ஆதாரமாக வைத்துக்கொண்டு மூச்சை உள்ளே இழுத்தே வாசித்தார்கள். இரண்டாம் துளையில் இழுத்தால் ஜி; மூன்றில் பி; நான்கில் டி; ஐந்தில் எஃப். ஜியை ஸட்ஜமாகக் கொண்டால் அந்த எஃப் கைசிகி நிஷாதம். ப்ளூஸுக்கு வேண்டிய சோகம் பாதி அதிலேயே வந்துவிடுகிறது.

மீதிப் பாதி சுரத்தை வளைப்பதில் இருக்கிறது. மூன்றாம் துளையில் இழுக்கும்போது நாக்கின் பின்பகுதியைக் கீழே இறக்கித் தொண்டைப் பக்கம் இடம் பண்ணினால் அந்தர காந்தாரம் நழுவி சாதாரண காந்தாரத்துக்கு வரும். இன்னும் இறக்கினால் இன்னும் கீழே. அந்த இரண்டு காந்தாரங்களுக்கும் நடுவில், எதிலும் உட்காராமல் நிற்கிற ஓர் இடத்தைத்தான் ப்ளூஸ்காரன் தேடுகிறான். அதற்கான பித்தான் வாத்தியத்தில் கிடையாது. வாய்க்குள் நடக்கிற வேலை என்பதால் எதிரே நின்று பார்த்தும் கற்றுக்கொள்ள முடியாது. என் மூன்றாம் துளை இன்று முழுக்கப் பூனைபோல் கத்தியது. பக்கத்து வீட்டார் நல்லவர்கள்.

பிப்ரவரி 11

மைக் பற்றிக் கொஞ்சம் எழுதி வைக்க வேண்டும்.

சிகாகோவில் கிதார்கள் மின்சாரத்துக்கு மாறியபின் மவுத் ஆர்கன் காதில் விழாமல் போயிற்று. வால்ட்டர் அறிவிப்புகளுக்குப் பயன்படும் மலிவான மைக் ஒன்றை ஹார்மோனிகாவோடு சேர்த்து இரு கைகளாலும் இறுக்கிப் பொத்தி, அதை கிதார் ஆம்ப்ளிஃபையரில் சொருகினார். அப்படிச் செய்த முதல் ஆள் தானே என்று இன்னொரு மவுத் ஆர்கன்காரரான ஸ்னூக்கி பிரையர் சொல்லிக்கொண்டதுண்டு. இருக்கட்டும். சத்தம் கேட்டால் போதும் என்பது மற்றவர்களின் கவலை. வால்ட்டரோ ஆம்ப்ளிஃபையர் திணறி உடையும்போது வருகிற கரகரப்பையே தன் குரலாக வைத்துக்கொண்டார். கைக்கும் மைக்குக்கும் நடுவே காற்று கசிய விட்டால் சத்தம் மெலிந்து தகரமாகிறது. பொத்தினால் சாக்ஸஃபோனின் கனம் வருகிறது. கூடவே நாக்கால் சில துளைகளை அடைத்து இரு ஓரத்திலும் ஒரே சுரத்தின் இரு ஸ்தாயிகளை ஒலிக்க வைப்பார்.

சிகாகோ ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் குழுவில் இருந்தபோது வால்ட்டர் 1952 மே 12 அன்று பதிவு செய்த ‘ஜூக்’ என்ற இசைத்தட்டில் இதெல்லாம் இருக்கிறது. ‘ஏ’ ஹார்மோனிகா, ‘ஈ’ சுருதி, ஒரு வரி பாட்டு கிடையாது. பில்போர்டின் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் எட்டு வாரம் முதலிடம். மடி வாட்டர்ஸுக்கே கடைசிவரை எட்டாத இடம் அது. இருபத்திரண்டு வயதுப் பையன் அதற்குப் பிறகு இன்னொருவர் பின்னால் நிற்பானா? கிளம்பிவிட்டான். மவுத் ஆர்கன்காரர் ஜூனியர் வெல்ஸின் குழு வால்ட்டருக்கு வந்தது; வெல்ஸ் மடி வாட்டர்ஸிடம் போனார்.

பிப்ரவரி 13

நேற்றும் இன்றும் வேலை அதிகம். ஒரு பாட்டும் கேட்கவில்லை.

பிப்ரவரி 15

வால்ட்டர் செத்த தேதி. 1968. சிகாகோவில் ஒரு தெருச் சண்டை, தலையில் அடி, வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வயது 37. எவர்கிரீன் பார்க்கில் புதைத்தார்கள். 1991 வரை கல்லறையில் பெயர்ப்பலகை கிடையாது. அதையும் அபிமானிகள்தான் வைத்தார்கள். 2008-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோது ‘பக்கவாத்தியம்’ என்ற பிரிவில் சேர்த்தார்கள். ‘ஜூக்’கும், 1955-இல் முதலிடம் பிடித்த ‘மை பேப்’பும் யாருக்குப் பக்கவாத்தியமாம்?

1967 ஐரோப்பியப் பயணத்தின்போது எடுத்த படத்துண்டுகளை ராத்திரி பார்த்தேன். கோக்கோ டெய்லருக்கும் ஹவுண்ட் டாக் டெய்லருக்கும் பின்னால் நின்று வாசிக்கிறார். வால்ட்டர் அசைவதைப் பார்க்க வேண்டுமென்றால் கிடைப்பது மிகக் கொஞ்சம்தான். முகத்தில் தழும்புகள். தன் வரிசை வரும்போது மட்டும் கை மூடித் திறக்கிறது.

பிப்ரவரி 16

என் கேள்விக்கு மவுத் ஆர்கன்காரர் ஜேம்ஸ் காட்டன் எப்போதோ பதில் சொல்லிவிட்டார். 1954-இல் மடி வாட்டர்ஸ் குழுவுக்கு வந்த காட்டனிடம், வால்ட்டர் வாசித்ததை அச்சு அசலாக வாசிக்கும்படி மடி கேட்டுக்கொண்டே இருந்தாராம். தன்னால் ஒருநாளும் வால்ட்டர் ஆக முடியாது, தானாக இருக்க ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று காட்டன் ஒருநாள் சொல்லிவிட்டார். பன்னிரண்டு வருஷம் அந்தக் குழுவில் நின்றார்.

சான் டியாகோ கச்சேரியைக் கேட்கையில் எனக்குத் தோன்றுவது இதுதான்: வால்ட்டரை இசைத்தட்டில் மட்டும் கேட்டு வளர்ந்தவர்கள் அவருக்கு நெருக்கமாக வாசிக்கிறார்கள். ஹம்மல் அந்த வேகத்தையும் கனத்தையும் கரைத்துக் குடித்திருக்கிறார்; கேட்கச் சுகம். ஆனால் சிகாகோவில் வால்ட்டரோடு பழகிய மஸல்வைட்டும் ஆர்னல்டும் அவரைப் போல வாசிக்கவே இல்லை. மஸல்வைட் ஒரு சுரத்தைப் பிடித்தால் அவசரப்படாமல் அதிலேயே நின்று சுற்றிப் பார்க்கிறார். பழகியவர்களுக்குப் பிரதி எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை போலும். எனக்கு அஞ்சலியாகப் படுவது இவர்கள் வாசித்ததுதான். ஹம்மல் கோஷ்டி சண்டைக்கு வரலாம்.

ஆர்னல்டின் கதை தனி. பன்னிரண்டு வயதில், 1948-இல், முதல் சன்னி பாய் வில்லியம்சனான ஜான் லீயின் வீட்டுக் கதவைத் தட்டிய பையன் அவர். அந்த அழும் சத்தம் எப்படி வருகிறது என்று கேட்டான். துளையை நெரிக்க வேண்டும் என்று சொல்லிக் காட்டிக்கொடுத்தார் ஜான் லீ. கொஞ்ச நாளில் பையன் மறுபடி போய்த் தட்டியபோது, அவர் கொல்லப்பட்ட செய்திதான் கிடைத்தது. ஜூன் 1 அன்று கிளப்பில் வாசித்துவிட்டு வீடு திரும்பும் வழியில் அது நடந்தது.

அந்த மேடையில் எழுபதைத் தாண்டியிருந்த ஆர்னல்ட் வால்ட்டரின் பாட்டைப் பாடும்போதும் அந்த நெரிப்பில் எனக்கு ஜான் லீ கேட்கிறார். வால்ட்டரும் ஜான் லீயின் தட்டுகளைக் கேட்டுக் கற்றவர்தானே. 1937-இல் ஜான் லீ பதிவு செய்த ‘குட் மார்னிங், ஸ்கூல் கேர்ள்’ என்னிடம் எங்கோ இருக்கிறது. ஆம்ப்ளிஃபையர் இல்லாத காலத்து வாசிப்பு. நாளை அதைத் தேட வேண்டும்.