கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம்!

ஆனைக்குட்டத்தில் பெரியம்மா வீட்டு நாய் மணியைக் கண்ணாடி விரியன் கடித்தபோது, கால்நடை டாக்டர் உதவியாளரிடம் முதலில் கேட்டது ஒரு புதுக் கண்ணாடிக் குழாயை. மணியின் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து அதில் விட்டு, “20 நிமிஷம் யாரும் தொடாதீங்க” என்றார். பெரியம்மாவுக்குத் தாங்கவில்லை. “அய்யா, வாயில்லா ஜீவன் துடிச்சுக் கிடக்கு, குழாயைப் பாத்துக்கிட்டு இருக்கீகளே!”

நேரம் முடிந்ததும் குழாயைச் சாய்த்தார். ரத்தம் தண்ணீராக ஓடியது. உடனே விஷமுறிவு மருந்து ஏற்றினார். மணி பிழைத்துக்கொண்டது. (அந்த மருந்துக்கான விஷத்தை எடுத்துத் தருபவர்கள் வடநெம்மேலி இருளர் கூட்டுறவு சங்கத்தினர். 1978-ல் தொடங்கிய சங்கம் அது.)

விரியன் விஷம் ரத்தத்தை நீர்க்க வைக்கும் என்றுதான் ஊரில் சொல்வார்கள். உள்ளே முதலில் நடப்பது நேர்மாறு. ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களில் 5-ம் காரணி, 10-ம் காரணி இரண்டையும் விஷம் தட்டி எழுப்புகிறது. தேவையே இல்லாமல் உறைதல் ஆரம்பித்து, அதற்கான சரக்கு மொத்தமும் தீர்ந்துபோகிறது. அப்புறம்தான் ஈறிலும் கடிவாயிலும் ரத்தம் நிற்காமல் கசிகிறது. அதாவது, குழாய் காட்டுவது கஜானா காலியான பிறகு உள்ள நிலவரத்தை.

காலியாகும் முன்பே கண்டுபிடிக்க முடியாதா? முடியும். உறைதலை நடத்தும் திராம்பின் ரத்தத்தில் தனியாக நிற்காது. ஆன்டித்திராம்பின் என்ற காவல்காரப் புரதம் வந்து அதைப் பிடித்துக்கொள்ளும். இந்த ஜோடியை அளந்தால் உறைதல் தொடங்கியதை ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம். உறைந்த கட்டி கரையும்போது உதிரும் துணுக்குதான் டி-டைமர். கோவிட் காலத்து லேப் ரிப்போர்ட்டில் நாம் பார்த்த அதே பெயர்.

ஆனால், மனிதர்களுக்கான டி-டைமர் கிட் எல்லாமே நாய்க்கு ஒத்துவராது. நாய்க்குச் சரிப்பட்டது ஆட்டுக்கும் சரிப்படும் என்று சொல்ல முடியாது. ரத்தம் எடுக்கும்போது ஊசியை வைத்துக் குடைந்தால், அங்கேயே உறைதல் தொடங்கி முடிவு பொய்யாகிவிடும். சிட்ரேட் குழாயில் ஒரு பங்கு திரவத்துக்கு ஒன்பது பங்கு ரத்தம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கிராமத்து ஆஸ்பத்திரியில் ராத்திரி எட்டு மணிக்கு இதெல்லாம் நடக்கிற காரியமா?

அதனால்தான் எனக்கு அந்தக் குழாய் மேல் மரியாதை. கண்ணாடிப் பரப்பே ரத்தத்தை உறையத் தூண்டும் என்பதால் பிளாஸ்டிக் உதவாது. சோப்பு போட்டுக் கழுவிய குழாயும் வேண்டாம். முதல்முறை உறைந்துவிட்டாலும் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். சில மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ஆடு, மாடு கடிபட்டால் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962. வண்டி வரும்வரை கடிவாயைக் கீற வேண்டாம்.